உறைக்குக் கீழே

கார் என்பது ஓடுவதற்காக வாங்கப்படுவது என்று நம்புகிறவர் பெங்களூருக்கு இன்னும் குடிவராதவர். இங்கே காருக்குள் நாம் பெரும்பாலும் செய்வது உட்கார்ந்திருப்பது. டாம்டாம் என்ற டச்சு நிறுவனம் உலக நகரங்களின் போக்குவரத்தை ஆண்டுதோறும் அளக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. லண்டனுக்கு அடுத்தபடியாக உலகத்தில் இரண்டாம் இடம். சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டு பழகியவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "29 நிமிஷம்தானா?" என்று கேட்டார்கள்.

இருந்தும் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள். டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். ஷோரூமில் காருக்குள் ஏறி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்ன ஒருவரை நான் சந்தித்ததில்லை. நானும் அப்படிப் பார்த்தவன் இல்லை. காருக்கு சீட் என்று ஒன்று உண்டு என்பதையே அறுபது வயதுக்கு மேல் என் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி நிற்கிறது. இத்தாலிய ஃபியட் 1100 மாடலை உரிமம் பெற்று பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்த கார். 1974-இல் அதற்கு சித்தூர் ராணியின் பெயர் வைத்தார்கள். முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அது கார் இல்லை, வரம். பம்பாயில் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிக்கு 2023 அக்டோபர் 30-ஆம் தேதி வயது வரம்பு முடிந்தபோது, பத்திரிகைகள் ஒரு பெரிய மனிதர் போய்விட்டதைப் போல எழுதின. எங்களுடையது இன்னும் ஓய்வு பெறவில்லை. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 5,000 ரூபாய்க்குத் தாவியது. அன்றிலிருந்து, "இன்னும் ஏன் வச்சிருக்கே?" என்று கேட்காத உறவினர் கிடையாது.

வைத்திருப்பதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். அவளுக்கு 82 வயது. என்னுடைய இன்னொரு காரில் சீட் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஏறுவதென்றால் முதலில் விழ வேண்டும், இறங்குவதென்றால் யாராவது தூக்க வேண்டும். பத்மினியின் பின்சீட் அப்படி இல்லை. ஏறக்குறைய நாற்காலி உயரம். கதவைத் திறந்து, திரும்பி நின்று, உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். ஆனால் போன வருஷம் அதற்கும் வினை வந்தது. டாக்டர் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் அம்மா, "முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்குடா. இனிமே என்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகாதே" என்றாள். அப்பாவின் காலத்திலிருந்து எந்த வசதிக்குறைவையும் சொல்லிப் பழகாதவள் அவள். கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் ஒன்று வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது.

கார் சீட் என்றால் பெங்களூரில் ஜே.சி. ரோடு. சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, டில்லிவாசிகளுக்கு கரோல்பாக் எப்படியோ அப்படி. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கி, டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா சர்க்கிள் வரை போகிற சாலை. ஒரு பக்கம் ரவீந்திர கலாக்ஷேத்ராவில் நாடகம். வெளியே சாலை நெடுகக் கடைகளில் சீட் கவர், தரை விரிப்பு, ஹாரன், கலர் விளக்கு. நான் ஏறிய நான்கு கடைகளிலும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "மேலே புதுசா ஒரு கவர் போட்டுடலாம் சார், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்." ஸ்பிரிங் குத்துகிறதே என்றேன். "கொஞ்சம் தடியா ஃபோம் வச்சுப் போட்டுடலாம்."

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணுக்குத் தெரிவது உறைதான். காசு கொடுப்பதும் அதற்குத்தான். 2015-இல் மும்பையில் 'டாக்ஸி ஃபேப்ரிக்' என்ற முயற்சியில் இளம் டிசைனர்கள் டாக்ஸிகளின் சீட்டுக்கும் கூரைக்கும் துணி வடிவமைத்தபோது, நகரத்தின் பழைய வண்டிகள் ஓடும் சித்திரசாலைகளாகிவிட்டன. உறைக்கு அந்த சக்தி உண்டு. ஆனால் அம்மாவைக் குத்தியது உறை இல்லையே.

ஐந்தாவது கடையில் வேலை பார்க்கும் பையன் பரிதாபப்பட்டு ஒரு போன் நம்பரைக் கொடுத்தான். ஆம்பூரிலிருந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் வந்து, ஜே.சி. ரோட்டுக் கடைகளுக்குத் தைத்துக் கொடுத்து, இப்போது வீட்டில் ஒரே ஒரு மெஷினோடு இருக்கும் ஒரு பெரியவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் கலர் சாம்பிள்களை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "கலரெல்லாம் கடைசியில சார். முதல்ல சீட்டைக் கழட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

கழற்றுவது, பிரிப்பது, சுத்தம் செய்வது என் வேலை, தைப்பது மட்டும் அவர் வேலை என்று ஒப்பந்தமாயிற்று. அவருக்கு முதுகு வலி, எனக்கு ஓய்வுக்காலம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், அடுத்த வாரத்துக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். இப்படியாக எங்கள் போர்ட்டிகோ ஒன்றரை மாதம் பள்ளிக்கூடமாக இருந்தது.

பின்சீட் குஷன் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. முன்சீட்டின் போல்ட்டுகள்தான் துருவேறி மனம் இரங்கவில்லை. எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தேன். மறுநாள் இரங்கின.

உறையை உரிக்கத் தொடங்கியதும் தெரிந்தது, அது ஓர் உறை இல்லை, மூன்று. மேலே அழுக்கேறிய டவல் துணி. அதற்குக் கீழே தொண்ணூறுகளில் நாங்கள் பெருமையோடு போட்ட மெரூன் வெல்வெட். அடியில், காரோடு வந்த ரெக்ஸின். இந்த ரெக்ஸின் என்ற சொல்லே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரி செய்த பண்டம் அது. அந்தப் பண்டமும் போய்விட்டது, அந்த ஊரிலேயே பெயரும் மறந்துவிட்டது; நாம் மட்டும் பி.வி.சி. பூசிய துணியை இன்றைக்கும் ரெக்ஸின் என்றே கேட்டு வாங்குகிறோம்.

மூன்றாவது உறையும் போனபின் குஷன் வெளிப்பட்டது. அதில் ஒரு குற்றத்தின் தடயம் இருந்தது. அடியில் இரும்புச் சட்டம், அதில் மாட்டிய ஸ்பிரிங்குகள், அதன்மேல் நேரடியாக ஃபோம். பாய் குனிந்து பார்த்துவிட்டு, "சாக்கு எங்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் சாக்குத்துணி ஒன்று இழுத்துக் கட்டியிருக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் கம்பி ஒவ்வொரு குலுக்கலிலும் ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துத் தின்னும். தொண்ணூறுகளில் வெல்வெட் போட்டபோது, கடைக்காரர் யாரோ பழைய குஷனை எடுத்துவிட்டுப் புது ஃபோம் வைத்திருக்கிறார். மக்கிப்போன சாக்கைத் தூக்கி எறிந்தவர் வேறு போடவில்லை. சில ரூபாய் மிச்சம். மேலே வெல்வெட் பளபளத்தது. நாங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுத்தோம். அந்தச் சில ரூபாய் இருபத்தைந்து வருஷம் கழித்து அம்மாவைக் குத்தியிருக்கிறது.

டிரைவர் சீட்டைப் பிரித்தபோது வேறு மாதிரி ஒரு வாசிப்பு நடந்தது. வலது விளிம்பில் ஃபோம் மாவாக உதிர்ந்தது. அது எல்லாக் கார்களிலும் உண்டு என்றார் பாய். நம் ஊரில் டிரைவர் வலது பக்கமாக ஏறி இறங்குவதால் அந்த ஓரம்தான் முதலில் சாகும். ஆனால் முதுகுப் பகுதியும் வலது பக்கமே அமுங்கியிருந்தது. "உங்க அப்பா ஜன்னல் பக்கம் சாய்ஞ்சு ஓட்டுவாரா?" என்று கேட்டார். ஓட்டுவார். இண்டிகேட்டரை நம்பாமல் கடைசிவரை வலது கையை வெளியே நீட்டியே சிக்னல் காட்டிய மனிதர். அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. பாய் அவரைப் பார்த்ததே கிடையாது. கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் சாக்பீஸால் ஃபோமில் கோடு போடுவதில் மும்முரமாக இருந்தார்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பழைய உறையைக் கிழிக்கக் கூடாது. தையலைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எது மேல், எது முன் என்று எழுதி, அடுத்தடுத்த துண்டுகள் சேருமிடத்தில் அடையாளம் வைத்து, போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுகள்தான் புது உறைக்கு அளவு. தையலுக்காக அரை அங்குலம் கூடுதலாக விட வேண்டும். நான் முதல் துண்டில் விட மறந்தேன். ஒன்றேகால் மீட்டர் ரெக்ஸின் வீட்டில் பைகளாகி, காய்கறி வாங்கப் போகிறது.

நூல் பருத்தியில் கூடாது. வியர்வையிலும் வெயிலிலும் இற்றுப்போகும். நைலான் அல்லது பாலியெஸ்டர் வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைத்திருந்தேன். துணிக்கு அது சரி. ரெக்ஸினில் நெருங்கிய தையல், தபால் தலை ஓரத்துத் துளை வரிசை மாதிரி. இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறேழு தையல் போதும். வீட்டுத் தையல் மெஷின் இரண்டு மடிப்பு ரெக்ஸினைத் தாண்டும். மூலையில் பைப்பிங் சேர்ந்து நான்கு மடிப்பானால் ஊசி உடையும். என் மனைவியின் மெஷினில் மூன்று ஊசிகளை உடைத்தபின் அதன் பக்கம் போகவே எனக்குத் தடை விதிக்கப்பட்டது. தைத்த உறையை மாட்டுவதற்கு முன் அரை மணி வெயிலில் போட்டால் இளகிக் கொடுக்கும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு இழுக்க வேண்டும், மூலைகள் கடைசியில். பசை தடவுவதும் பழைய ஃபோமை உதிர்ப்பதும் திறந்த வெளியில், மூக்கை மூடிக்கொண்டு.

இன்னொன்று, தீ. காரின் உள்ளலங்காரப் பொருள் கிடைமட்டமாக எரியும்போது நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்று நம் நாட்டில் ஐ.எஸ். 15061 என்ற தரவிதி இருக்கிறது. அமெரிக்காவில் இதே மாதிரி விதி 1972-லிருந்து உண்டு. கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும்போது அந்தத் தரம் உள்ளதா என்று கேட்பது நம் பொறுப்பு. நான் கேட்டபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்; பிறகு உள்ளே போய் வேறொரு ரோலை எடுத்து வந்தார்.

ஃபோம் விஷயத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் மெத்தென்று இருந்ததெல்லாம் 'டன்லப்'. ரப்பர் பாலை நுரைக்க வைத்துச் செய்தது. இப்போது வருவது பாலியூரிதேன். ஜெர்மனியில் ஆட்டோ பேயர் 1937-இல் கண்டுபிடித்த ரசாயனத்தின் வாரிசு. கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதற்கான எண் அது. எண் கூடினால் நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லலாம். மெத்தென்று இருக்குமா, கல்லாக இருக்குமா என்பது வேறு கணக்கு. இது தெரியாமல் நான் இருப்பதிலேயே உசத்தி கொடுங்கள் என்று, கடினமான ஃபோமில் நான்கு அங்குலம் வாங்கிவந்து வைத்தேன். பாய் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நானே கட்டி முடித்து, பழைய பெட்ஷீட் ஒன்றை மேலே போட்டு, அம்மாவை உட்கார வைத்தேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் கால் தரையில் படவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்த சிறுமி மாதிரி இரண்டு பாதமும் ஆடிக்கொண்டிருந்தன. "ஏண்டா, இது கார் சீட்டா, திண்ணையா?" என்றாள்.

பாதம் தரையில் ஊன்றாவிட்டால் உடம்பின் பாரத்தைச் சீட்டின் முன்விளிம்பு வாங்கித் தொடைக்கு அடியில் திருப்பிக் கொடுக்கும், கால் மரத்துப்போகும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. அடுத்த வாரம் பாய் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அம்மாவைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். பாதத்திலிருந்து முழங்காலின் மடிப்பு வரை டேப் வைத்து அளந்தார். பிறகு காரின் தரையிலிருந்து சட்டம் வரை அளந்தார். "அம்மாவுக்கு ரெண்டரை இஞ்ச்தான் சார் இடம். அதுல அடியில நார், மேல இளசா ஃபோம்" என்றார். நாற்பது வருஷமாகக் கார் சீட்டுகளை அளந்தவர், இதுவரை நான் அளக்காத ஒன்றை அளந்தார்: உட்காரப் போகிற ஆளை.

நார் என்றது தேங்காய் நார். கயிற்றுநாரைச் சுருளாக்கி, அதன்மேல் ரப்பர் பால் தெளித்து, அழுத்தி வேகவைத்துச் செய்யும் பலகை. காற்று உள்ளே புகுந்து வரும், வியர்வை தங்காது, ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் நல்ல மத்தியஸ்தன். ஐரோப்பாவின் பழைய கார்களில் ஆடம்பரமானவை உட்படப் பலவற்றில் இதுதான் உள்ளே இருந்தது. 1990-களில் டைம்லர் பென்ஸ் பிரேசிலில் லாரி ஹெட்ரெஸ்டுகளுக்காகத் தேங்காய் நாரைத் திரும்பக் கையில் எடுத்தபோது அது சுற்றுச்சூழல் சாதனையாகப் பேசப்பட்டது. நாம் பொள்ளாச்சியை வைத்துக்கொண்டு ஃபோம் கேட்கிறோம்.

புதுச் சாக்கு இழுத்துக் கட்டினோம். அதன்மேல் நார்ப்பலகை, அதன்மேல் ஃபோம், அதன்மேல் அம்மா தேர்ந்தெடுத்த காப்பிக்கொட்டைக் கலர் ரெக்ஸின். பாயின் தையல் கோடு போட்ட மாதிரி ஓடியது. உட்கார்ந்து பார்த்த அம்மா இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, ஒருமுறை அழுத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. பாய்க்கு மட்டும் இரண்டாவது தடவை காப்பி வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு பொழுதுபோக்குக் கதை. என் மருமகன் வந்து பார்த்து ஆசைப்பட்டான். வாங்கி ஒரு வருஷமான தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "பாய், இதுக்கும் இதே கலர்ல போட்டுக் கொடுங்க" என்றான். பாய் முன்கதவைத் திறந்தார். சீட்டின் பக்கவாட்டில் தைத்திருந்த சின்னத் துணிப்பட்டையை விரலால் தடவினார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மின்சாரக் கம்பத்தில் மண்டையோட்டுப் படம் எப்படி எல்லோருக்கும் புரிகிறதோ, அப்படி அவருக்கு அந்த எழுத்துகள் தெரியும். 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்.' கையை எடுத்துக்கொண்டார். "இதுல நான் கை வைக்க மாட்டேன் தம்பி. இது சீட் இல்ல, வெடி."

அவர் சொன்னது மிகையில்லை. பக்கவாட்டில் மோதல் நடந்தால் கண் இமைப்பதற்குள் சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு பை வெளியே வந்து விலா எலும்பைக் காக்க வேண்டும். வால்வோ நிறுவனம் 1994-இல் முதலில் கொண்டுவந்த ஏற்பாடு. அது கிழிய வேண்டிய இடத்துத் தையல் வேண்டுமென்றே கிழிவதற்காகவே போடப்பட்டது. அதன்மேல் நாம் அழகான தடித்த உறையை மாட்டினால், பை தாமதிக்கும். அல்லது திசை மாறும். இரண்டிலும் பலன் ஒன்றுதான். சீட்டைக் கழற்றுவதும் அப்படியே. அடியில் ஓடும் மஞ்சள் கலர் ஒயரைப் பார்த்தால் வீட்டுக் கைவேலைக்காரர்கள் அங்கேயே ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டும். டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையில் நம் நாட்டில் கட்டாயமாயிற்று. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற 2022-ஆம் ஆண்டு வரைவு விதி கைவிடப்பட்டாலும், சின்னக் கார்களிலேயே இன்று பல கம்பெனிகள் ஆறு வைக்கின்றன. ஆறில் இரண்டு பெரும்பாலும் முன்சீட்டுகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

நல்ல மாறுதல்தான். ஆனால் இதில் ஒரு விபரீதம் இருப்பதை அன்றைக்குப் பார்த்தேன். தெரிந்தவர் மறுக்கிறார், மறுத்ததால் அவருக்கு அன்றைய கூலி போயிற்று. மருமகன் நேராகப் போய், கேள்வி கேட்காத ஒரு கடையில் ஒரு மணி நேரத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியும். அவன் போகவில்லை, நான் போகவிடவில்லை. மற்றவர்களுக்கு வீட்டு வாசலில் ஒரு பாய் இல்லை.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். நல்ல யோசனை. பாயிடம் சொன்னபோது, "எந்தத் தையலைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கம்பெனி வகுப்பறைக்கு வர முடியாத ஒரு தையல்காரருக்கு, படம் போட்டு, அவர் மொழியில், இந்த சீட்டில் இதுவரை உன் கை வரலாம் என்று யாராவது சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் நேர்மையானவர்கள் தொழிலை விட்டுப் போவார்கள். சாக்கைத் தூக்கி எறிகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

பாய் இப்போது அதிகம் தைப்பது ஸ்கூட்டர் சீட்டும் ஜிம் பெஞ்சும். பையன் ஆப் டாக்ஸி ஓட்டுகிறான். "நாள் முழுக்க சீட்லதான் இருக்கான், ஊசி மட்டும் பிடிக்க மாட்டேங்கிறான்" என்றார்.

போன மாதம் அம்மாவை பத்மினியில் லால்பாக் அழைத்துப் போனேன். பின்சீட்டில் பெல்ட் இல்லாத காலத்துக் கார். ஆகவே மெதுவாகத்தான் ஓட்டுவது. பெங்களூரில் அதற்காகத் தனி முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. திரும்பும்போது மினர்வா சர்க்கிளுக்கு முன்னால் எல்லாம் நின்றுவிட்டது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பக்கத்துக் காரில் ஒருவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார். அம்மாவின் சத்தத்தையே காணோமே என்று கண்ணாடியில் பார்த்தேன்.

இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்க, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.